வண்டிச் சாவியும் சுவிட்சும்: மாற்றுவதற்கு முன் பாருங்கள்



உழவுக்கு டிராக்டர், இறவைக்குப் பம்புசெட்டு என்பது போல, அவசர ஓட்டத்துக்கு மோட்டார் சைக்கிள் என்று ஆகிவிட்டது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த காலம் தொட்டே பால் கேனும் புல்லுக்கட்டும் உர மூட்டையும் இரண்டு சக்கரத்தின் மேல் போய்க்கொண்டிருக்கின்றன. விடிகாலையில் சொசைட்டிக்குக் கிளம்பும்போது வண்டி கிளம்பவில்லை என்றால் அன்றைய பால் காசு போச்சு.

"சாவி போட்டாச்சு, ஒண்ணும் எரியலே. சுவிட்ச் போச்சு, புதுசு மாத்திடு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறிடத்தில் இருக்கும். பயிர் மஞ்சளானால் காரணம் பாராமல் யூரியா போடுவது போலத்தான் இதுவும். ஆகவே முதலில் நோய் எது என்று பார்ப்போம்.

சாவி போடுகிற இடத்தில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு. மேலே பூட்டு. அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். சாவியின் வெட்டு அவற்றைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் பூட்டு திரும்பும். கீழே மின்சார சுவிட்ச். பூட்டு திரும்பும்போது அதிலுள்ள செம்புப் பட்டைகள் ஒன்றையொன்று தொடும். சாவியே திரும்பவில்லையா, கோளாறு மேலே. சாவி நன்றாகத் திரும்பியும் மின்சாரம் வரவில்லையா, கோளாறு கீழே. அல்லது கம்பியில், பியூசில், பாட்டரியில்.

சாவி திரும்பாவிட்டால், வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது லேசாகத் திரும்பினால் பூட்டில் குறையில்லை. தினம் போடும் சாவிதான் தேய்ந்திருக்கிறது. நகல் எடுக்கும்போது தேயாத சாவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். விதைக்கு நல்ல கதிராகப் பார்த்து எடுக்கிறோமே, அதே கதைதான். நகலுக்கு நகல் எடுத்தால் வெட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் எந்தச் சாவிக்கும் பூட்டு பிடி கொடுக்காது. சாவியோடு எண் பொறித்த தகடு கொடுத்திருந்தால் அந்த எண்ணை வீட்டு நோட்டில் குறித்து வையுங்கள். சாவி தொலைந்தால் உதவும்.

பூட்டு இறுகினால் கிரீசும் என்ஜின் ஆயிலும் விடாதீர்கள். அன்றைக்குச் சுகமாகத் திரும்பும். அப்புறம் களத்துத் தூசியெல்லாம் உள்ளே ஒட்டிச் சேறாகிவிடும். பென்சில் ஊக்கைச் சுரண்டி, அந்தத் தூளைச் சாவியில் தடவி நாலைந்து தடவை போட்டு எடுங்கள். அது போதும். சாவியோடு வீட்டுச் சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாவற்றையும் கொத்தாகத் தொங்கவிடுவதும் கூடாது. அந்தப் பாரம் ஆடி ஆடியே பூட்டு தேய்ந்துவிடும்.

இனி மின்சாரப் பக்கம். சாவி திரும்பியும் ஹாரன் அடிக்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பாட்டரி முனை தளர்ந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா. இரண்டு, பியூஸ். அதில் எழுதியுள்ள ஆம்பியர் அளவே போட வேண்டும். சிகரெட் அட்டைக் காகிதம் சுற்றினால் பியூசுக்குப் பதில் கம்பி எரியும். மூன்று, சாவியை 'ஆன்' செய்து ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். திருப்பும்போது விளக்கு வந்து வந்து போனால், கழுத்துப் பக்கம் மடங்கி மடங்கிக் கம்பி உள்ளே அறுந்திருக்கலாம். இதற்குச் சுவிட்ச் மாற்றிப் பயனில்லை.

மூன்றும் சரியென்றால் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பி இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை வண்டியின் இரும்பில். மறு முனையைப் பாட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வரும் கம்பியில் தொட்டால் பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் குறை சுவிட்சுக்கு முன்னால். அது எரிந்து, சாவி 'ஆன்' செய்த பின்னும் வெளியேறும் கம்பியில் எரியாவிட்டால் மட்டுமே சுவிட்சைச் சந்தேகிக்கலாம். கம்பி நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டுத் தொடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். பாட்டரி மின்சாரத்தில் பொறி தரும் வண்டியில் சுவிட்ச் ஒரு மடை போல, திறந்தால்தான் பாயும். பழைய மேக்னட் வகையில் அது வடிகால் போல. 'ஆப்' செய்தால் பொறி மின்சாரத்தை இரும்பில் வடித்துவிடும். அதனால் அந்த வகையில் சுவிட்சுக்குள் ஈரம் புகுந்தால் வண்டி கிளம்பாது. கம்பி அறுந்தால் சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது. டாங்கின் மேல் உர மூட்டை வைத்து வருபவர்கள் கவனிக்க வேண்டும்: உரத்தூள் ஈரத்தை இழுக்கும். அம்மோனியா கலந்த உரமானால் செம்பையும் பித்தளையையும் அரிக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், சில வண்டிகளில் கீழே உள்ள மின்சாரப் பகுதியை மட்டும் தனியே கழற்றலாம். பழைய சாவியே நிலைக்கும், செலவும் குறையும். பூட்டே போயிருந்தால் டாங்க் மூடி, பக்கவாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். ஒரே சாவி போதும். கழற்றுமுன் பாட்டரியின் மைனஸ் கம்பியை எடுத்துவிடுங்கள். புது சுவிட்சின் கப்ளரும் கம்பி எண்ணிக்கையும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பொருத்திய பின் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, கம்பி இழுபடவில்லை என்று தெரிந்த பிறகே இறுக்குங்கள்.

"எதுக்குச் செலவு, கம்பியை முறுக்கி டைரக்டா விட்டுடலாம்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படி விட்ட வண்டியைச் சந்தையில் நிறுத்தினால் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்ற வண்டிகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பெட்டியோடு பெட்ரோல் தெளிப்பவை. கம்பி மாறிப்போனால் அந்தப் பெட்டி கெட்டு, சுவிட்சைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். ஆகவே இரண்டாவது சாவியை ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். ஒரு சாவி தொலைந்தால் அது யார் கையில் இருக்கிறதோ. பூட்டுச் செட்டை மாற்றி, ரசீதையும் மீதிச் சாவியையும் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கோளாறு எதில் என்று கண்ட பிறகு காசை எடுங்கள்.