ஒலிக்கு ஒரு துபாசி: கணினி இயங்குதள மாற்றமும் இசைப்பதிவாளர் இடர்ப்பாடும்

தோற்றுவாய்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஏட்டில் எழுதிய சொல் நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும். பாடிய குரலோ பாடியவர் வாய்மூடியதும் காற்றோடு கலந்துவிடும். அக்குரலைப் பிடித்து வைக்கும் கருவியை மாந்தன் 1877-ஆம் ஆண்டில்தான் கண்டறிந்தான். உருளை, இசைத்தட்டு, நாடா, ஒலிப்பேழை, குறுவட்டு எனப் படிப்படியாக வளர்ந்த அக்கலை இன்று கணினியில் வந்து நிலைகொண்டுள்ளது.

ஒலிப்பேழைக் காலத்தில் ஒரு நிறுவனத்தார் செய்த பேழை மற்றெந்த நிறுவனத்தார் செய்த கருவியிலும் ஓடிற்று. நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் பாடல் பதிந்த பேழையைக் காயல்பட்டினத்தில் ஓட்டினாலும் கொழும்பில் ஓட்டினாலும் கேட்டது ஒரே கம்பீரக் குரல்தான். கணினிக் காலத்திலோ புதியதோர் இடர்ப்பாடு தோன்றியுள்ளது. பழுது ஏதுமில்லாத ஒலிப்பதிவுக் கருவி, கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே ஊமையாகிவிடுகின்றது. இது யாங்ஙனம் நேர்கின்றது, இதனால் நம் கடற்கரை மக்கள் இழக்கக் கூடியது யாது, காக்கும் வழி என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒலி எண்ணாகும் முறை

ஒலிவாங்கியின் முன் பாடும்போது காற்றின் அதிர்வு மின்னலையாக மாறுகின்றது. கணினிக்கு அலை விளங்காது. எண் மட்டுமே விளங்கும். ஆகவே அந்த மின்னலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளவேண்டும். குறுவட்டின் தரம் இதுவே. இம்முறையில் வலம், இடம் என இரு தடங்களாகப் பதிந்த ஒரு நிமிடப் பாடல் ஏறத்தாழ ஒரு கோடி பைட் இடத்தைக் கொள்ளும். அளத்தலையும், எண்ணை மீண்டும் ஒலியாக்குதலையும் செய்யும் சிறு பெட்டியே ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ எனப்படும் ஒலி இடைமுகக் கருவியாகும். ஒருபுறம் ஒலிவாங்கியும் மறுபுறம் கணினியும் இதனோடு இணைக்கப்படும்.

துபாசியின் பணி

போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அயலார் பலர் நம் கடற்கரைப் பட்டினங்களுக்கு வணிகம் செய்ய வந்தனர். அவர்தம் மொழி நம்மவர்க்குத் தெரியாது. நம் மொழி அவர்க்குத் தெரியாது. இருவர்க்கும் இடையே நின்று பேசியவன் துபாசி. இருமொழியாளன் என்பதே அச்சொல்லின் பொருள். துபாசி இல்லையேல், கையில் முத்து இருந்தும் விலைபேச வழியில்லை.

கணினியில் அத்துபாசியின் இடத்தில் இருப்பது ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருளாகும். விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் தமக்கென ஒரு மொழி உடையவை. ஒலிக்கருவியோ தன்னுள் இருக்கும் சில்லின் மொழியை மட்டும் அறியும். இரண்டையும் அறிந்த இயக்கியே ஒன்று கூறுவதை மற்றதற்கு எடுத்துரைக்கின்றது. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அதன் மொழியின் இலக்கணம் சிலபோது மாறிவிடும். அப்போது துபாசியும் புதிய இலக்கணத்தைக் கற்றாகவேண்டும். கற்பிக்கவேண்டியவர் கருவியைச் செய்த நிறுவனத்தார். அவர் கற்பிக்கவில்லையாயின், கருவி நலமாக இருந்தும் பேச ஆளின்றி நிற்கும்.

இசைஞர்க்கு மட்டும் ஏன் இத்துணை இன்னல்?

அச்சுப்பொறி அரை நொடி தாமதித்தால் எவரும் வருந்தார். இசையில் அவ்வாறன்று. இதனை நம் உப்பளங்களைக் கொண்டு விளக்கலாம். உப்பை ஒவ்வொரு கூடையாக எவரும் ஊருக்கு அனுப்புவதில்லை. லாரி நிரம்பியபின்பே அனுப்புவர். கணினியும் ஒலியளவுகளை ஒரு தொகுதி சேரும்வரை வைத்திருந்து மொத்தமாகவே கைமாற்றுகின்றது. தொகுதிக்கு 1,024 அளவுகள் எனின், அது நிரம்ப ஏறத்தாழ 23 மில்லி நொடி ஆகும். 256 எனின் ஏறத்தாழ 6 மில்லி நொடி போதும். ஒலி காற்றில் ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 செ.மீ. செல்வது. எனவே 23 மில்லி நொடித் தாமதம் என்பது பாடகர் எட்டு மீட்டர் தொலைவில் நிற்பதற்கு ஒப்பாகும். உள்ளே செல்லவும் வெளியே வரவும் இருமுறை இத்தாமதம் நேரும். தம் குரலையே இவ்வாறு பிந்திக் கேட்கும் பாடகர் தாளம் தப்புவார். தாயிரா தட்டுபவரின் கை தடுமாறும்.

விண்டோஸின் பொதுவான ஒலிவழி படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் ஏற்றவாறு அமைந்தது. தாமதத்தைப் பெரிதாகக் கருதாதது. ஆகவே ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் ‘ஏசியோ’ என்னும் குறுக்குவழியை வகுத்தது. ஒலிப்பதிவு மென்பொருள் அவ்வழியே கருவியோடு நேரே பேசலாம். தாமதம் குறைந்தது, ஆயின் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கென்று தனித் துபாசியை அமர்த்தவேண்டியதாயிற்று. விரைவுக்காகச் செய்த இவ்வேற்பாடே பின்னாளில் கருவியின் ஆயுளை அந்நிறுவனத்தின் விருப்பத்தோடு பிணைத்துவிட்டது.

வழி அடைபட்ட வரலாறு

இயங்குதள மாற்றங்களால் ஒலிக்கருவிகள் கைவிடப்பட்டமைக்குச் சான்றுகள் பல. 32 பிட் கணினிக்கென எழுதிய இயக்கி 64 பிட் விண்டோஸில் இயங்காது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கின்றது. ஆதலின் 32 பிட் இயக்கி மட்டும் உடைய பழைய கருவிகளுக்கு அதில் இடமில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகள் முறைப்படி மேலேறவும் இயலாமல் நின்றுவிட்டன.

ஆப்பிள் நிறுவனத்தின் நிலையும் இதுவே. 2019-இல் வந்த ‘கேட்டலினா’ 32 பிட் மென்பொருள்களை அடியோடு விலக்கியது. ஒருகாலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்கள் பெரிதும் நம்பியிருந்த இணைப்புமுறை ஃபயர்வயர். 1995-இல் தரமாக ஏற்கப்பட்டது. 2025-இல் வெளிவந்த மேக் இயங்குதளமான ‘டஹோ’ அதற்கான ஆதரவையே நீக்கிவிட்டது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கருவிகள் பல இவ்வாறு ஓர் இரவில் உறவற்றுப் போயின.

நிறுவனத்தாரை மட்டும் பழிப்பது முறையாகாது. இயக்கி இயங்குதளத்தின் உட்கருவில் அமர்ந்து வேலைசெய்வது. அதில் ஒரு பிழை நேர்ந்தால் கணினி முழுவதும் நிலைகுலையும். தீயோர் நுழையவும் வழியாகும். அதனால்தான் கையொப்பமிட்ட இயக்கியையே ஏற்போம் என்று விண்டோஸும், உட்கருவில் அயலாரை அமரவிடோம் என்று ஆப்பிளும் விதிகளை இறுக்கின. புதிய விதிக்கேற்ப இயக்கியை எழுதப் பொருளும் ஆளும் வேண்டும். பத்தாண்டுக்கு முன் விற்ற கருவியால் இன்று வருவாயில்லை; சில நிறுவனங்களே மறைந்தும் போயின. காரணம் நியாயமே எனினும் இழப்பு பயன்படுத்துவோருக்கே.

தமிழாசிரியர் அறிந்த உவமை

இவ்வின்னல் தமிழ் படித்தோர்க்குப் புதிதன்று. 1990-களில் தமிழைக் கணினியில் தட்டச்சிட்டோர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தினர். ஓர் எழுத்துருவில் ‘அ’ நின்ற இடத்தில் மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்து நின்றது. அக்காலக் கோப்புகளை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே காட்சி தருகின்றன. எழுதியது அழியவில்லை, படிப்பதற்கான திறவுகோல்தான் தொலைந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு ஒரு தரத்தை நாடியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகின்றது.

ஒலிக்கருவித் துறையிலும் அத்தகைய பொதுத்தரம் ஒன்று உண்டு. அது யூ.எஸ்.பி. ஒலி வகுப்பு என்பது. இத்தரத்தின்படி அமைந்த கருவிக்குத் தனித் துபாசி வேண்டுவதில்லை. இயங்குதளத்தில் உள்ள பொதுத் துபாசியே போதும். மேக், லினக்ஸ் ஆகியவற்றோடு, 2017 முதல் விண்டோஸ் 10-உம் இதன் இரண்டாம் பதிப்பைத் தானே ஏற்றுவருகின்றது. நிறுவனம் மறைந்தாலும் இத்தகைய கருவி பேசும். பொதுத்தரமே நெடுநாள் நிலைக்கும் என்பது எழுத்துருவும் ஒலிக்கருவியும் ஒருங்கே கற்பிக்கும் பாடமாகும்.

நம் கடற்கரை இழக்கக் கூடியது

இதனைத் திரைப்பட இசையமைப்பாளரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுதல் ஆகாது. தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அன்று இருபது வயதில் கடலுள் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் இசுலாமியரும் ஒரே பாரில் மூழ்கிய அக்கால நினைவுகள் அவர்தம் நாவில் மட்டுமே உள்ளன. துடுப்பு வலித்தும் வலை இழுத்தும் மீனவர் பாடிய அம்பாப் பாடல்கள், இயந்திரப் படகு வந்தபின் கடலில் ஒலிப்பது அருகிவிட்டது. நம் வீட்டுப் பாட்டிமார் ஓதிய முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் தாலாட்டுகளும் அந்நிலையிலேயே உள்ளன. அரபுத்தமிழில் எழுதிய ஏடுகள் கையிலிருந்தும் படிப்பார் குறைந்தமையால் ஊமையாய்க் கிடப்பதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். ஏட்டுக்கு நேர்ந்த அந்நிலை குரலுக்கும் நேரவிடலாமா?

சிறு கூடங்களிலும் மாணவர் இல்லங்களிலும் இக்குரல்கள் இன்று பதிவு செய்யப்படலாம். ஆயின் பதிந்தது ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் கோப்பாகவும், அம்மென்பொருள் ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தையும், அது ஒரு குறிப்பிட்ட கருவியையும் சார்ந்து நின்றால், சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் அனைத்தும் பயன்படாமற் போகும். பாடியவர் மறைந்தபின் மீண்டும் பதிவு செய்ய இயலுமா?

காக்கும் வழிகள்

ஒன்று: பணி நடுவில் இருக்கும்போது இயங்குதளத்தை மாற்றலாகாது. ரமலானுக்கென ஒரு பாடற்றொகுப்பைப் பதிவு செய்பவர், அது முடியும்வரை தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை ஒத்திவைத்தல் நலம்.

இரண்டு: மாற்றுமுன், கருவி நிறுவனத்தின் பட்டியலில் நம் கருவியின் பெயர் புதிய இயங்குதளத்திற்கு நேரே உள்ளதா எனக் காணவேண்டும். ஒலிப்பதிவு மென்பொருளுக்கும் அதன் துணைச்செருகிகளுக்கும் இவ்வாறே தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

மூன்று: மாற்றுமுன் வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுக்கவேண்டும். புதியது ஒத்துவராவிடின் பழைய நிலைக்குத் திரும்ப அதுவே வழி. பழைய இயக்கியின் நிறுவற் கோப்பையும் உடன் சேமிக்கவேண்டும். நிறுவனம் மறைந்தபின் அது கிடைப்பது அரிது.

நான்கு: கருவி வாங்கும்போது யூ.எஸ்.பி. ஒலி வகுப்புக்கு இணங்கியதா எனக் கேட்டு வாங்குக. பணம் சற்றுக் கூடினும் ஆயுள் கூடும்.

ஐந்து: கைவிடப்பட்ட பழைய கருவியை எறிய வேண்டுவதில்லை. அது ஓடும் பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியை இணையத்தில் விடுதல் கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். தன்னார்வலர் எழுதிய இயக்கிகளின் துணையால் பழைய கருவிகள் பல லினக்ஸில் இன்றும் பேசுகின்றன.

ஆறு: பதிவு முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ‘வேவ்’ கோப்பாக எடுத்து வைக்கவேண்டும். இது எம்மென்பொருளும் படிக்கும் பொதுவடிவம். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை யூனிகோடு எழுத்தில் உடன் எழுதிவைத்து, இரண்டு படிகளையேனும் இருவேறு இடங்களில் காத்தல் வேண்டும்.

நிறைவுரை

கருவி மாறும், இயங்குதளம் மாறும், அவற்றை எதிர்த்து நிற்பது இயலாது, வேண்டுவதுமன்று. மாற்றத்தினூடே எதைக் கைவிடலாம், எதைக் கைவிடலாகாது என அறிவதே அறிவுடைமை. பெட்டியும் கம்பியும் கைவிடத்தக்கன, குரல் அன்று. தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது தத்தம் தெருவில் உள்ள முதியோர் ஒருவரின் பாடலையோ நினைவையோ கைப்பேசியிலேனும் பதிந்து, மேற்கூறிய முறையில் பொதுவடிவிலும் சேமித்து, துறை நூலகத்தில் ஒரு படியைச் சேர்ப்பார்களாயின், அதுவே இக்கரையின் வரலாற்றுக்கு நாம் சேர்க்கும் நன்முத்தாகும். முதியோரும் தயங்காது வாய்திறந்து உதவுவார்களாக. கேட்பதற்குச் செவியும் காப்பதற்குக் கருவியும் இன்று நம்மிடம் உள்ளன. பாடுவோரும் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குவோம்.