நான்கு முட்டைகள் சொல்லும் பாடம்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து வாசகர்கள், மாலையில் வெயில் தணிந்த பிறகு தெருவில் நின்று மேலே பாருங்கள். ஏதேனும் ஒரு மொட்டைமாடியில் பலகையும் கம்பிவலையும் கொண்டு அடித்த புறாக்கூண்டு தெரியும். மேலே புறாக்கள் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். கீழே நாலைந்து பேர் கழுத்தை அண்ணாந்து நின்றுகொண்டிருப்பார்கள். பகலில் அவர்கள் அச்சகத்திலோ, தீப்பெட்டி ஆலையிலோ, கடையிலோ வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். மாலையில் அவர்கள் அனைவரும் ஒரே சாதி, புறா வளர்ப்பவர்கள்!

இவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஒரு கூட்டில் இரண்டு முட்டைக்குப் பதில் நான்கு முட்டை கிடந்தால் என்ன பொருள்?"

அனுபவம் உள்ளவர் யோசிக்கவே மாட்டார். "ரெண்டும் பெட்டை" என்பார்.

அவர் சொல்வது சரியே. அந்தச் சிறிய விடைக்குள் பெரிய உயிரியல் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. மனிதர்களைப் பற்றிய பாடமும் அதிலிருந்து தொடங்குகிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

கூண்டுக்குள் நடப்பது என்ன?

புறாவில் சேவலும் பெட்டையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சேவல் சற்றுப் பெரிது, கழுத்தை உப்பிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்து குனுகும் என்பதெல்லாம் அடையாளங்கள்தாம். ஆனால் இளம் புறாக்களில் தேர்ந்தவர்களே ஏமாந்துவிடுவதுண்டு. ஆகவே ஜோடி என்று நம்பி வாங்கி வந்த இரண்டும் பெட்டைகளாகவே இருந்துவிடுவது அரிதன்று.

அவை என்ன செய்கின்றன? ஒன்றுக்கொன்று அலகு கோத்துக்கொள்கின்றன, இறகு நீவிவிடுகின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, குச்சி பொறுக்கிக் கூடு கட்டுகின்றன. ஒரு பெட்டை ஓர் ஈட்டில் இடுவது இரண்டு முட்டை. இரண்டும் பெட்டையானால் நான்கு முட்டை. அவற்றில் கரு இராது. எனினும் இரண்டும் மாறிமாறி அடைகாக்கின்றன. கருவுள்ள முட்டையாக இருந்தால் ஏறத்தாழ 18 நாட்களில் குஞ்சு வெளிவரும்.

விவரம் தெரிந்த வளர்ப்பாளர் இதைக் கண்டு கோபப்படுவதில்லை, வெட்கப்படுவதும் இல்லை. வேறொரு ஜோடியின் கருவுள்ள முட்டைகளை இவற்றின் அடியில் வைத்துவிடுகிறார். குஞ்சு பொரிந்ததும் இரண்டு பெட்டைகளும் பால் கொடுத்து வளர்க்கின்றன. ஆம், புறாவின் தொண்டைப்பையில் பால் போன்ற ஒரு பொருள் சுரக்கும். சேவலுக்கும் சுரக்கும், பெட்டைக்கும் சுரக்கும். ஆகவே குஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. சேவல்கள் இரண்டு ஜோடி சேர்வதும் உண்டு.

இவ்வளவு நிதானமாகப் பறவையைப் பார்க்கத் தெரிந்த அதே மாடியில் இன்னொரு காட்சியையும் நீங்கள் கண்டிருக்கலாம். நண்பர் கூட்டத்தில் ஓர் இளைஞன், ஆணாக இருந்தும் ஆண்மீதே நாட்டம் கொண்டவன் என்று யாருக்கோ தெரிந்துவிடுகிறது. அல்லது வெறும் சந்தேகம். அவ்வளவுதான்! 'ஒன்பது' என்ற எண் வசைச்சொல் ஆகிவிடுகிறது. அவன் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. போனால் சிரிப்பு எழுகிறது. சில வாரங்களில் அவன் மாடிக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். புறாவிடம் இருந்த பொறுமை மனிதனிடம் ஏன் இல்லாமற் போயிற்று?

கிரேக்க எழுத்தில் ஒளித்த குறிப்பு

இந்த முரண்பாடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பறவை ஆர்வலர்களின் வரலாற்றிலேயே இதற்குப் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு.

1910ஆம் ஆண்டு கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணக் குழுவில் ஜார்ஜ் மர்ரே லெவிக் என்ற மருத்துவர் சென்றார். 1911-12 கோடைப் பருவத்தை அவர் அடேர் முனையில் கழித்தார். அங்கே அடேலி பென்குவின்கள் பெருந்திரளாகக் கூடு கட்டுகின்றன. தொழிலால் மருத்துவரான அவர், ஆர்வத்தால் பறவை நோக்கரானார். கண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். ஆண் பென்குவின் ஆணோடு இணைவதையும் கண்டார். அவரை அதிரச்செய்த வேறு சில நடத்தைகளையும் கண்டார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அப்பகுதிகளில் சிலவற்றைக் கிரேக்க எழுத்தில் மாற்றி எழுதினார். சாதாரண மனிதர் படித்துவிடக் கூடாதே என்ற அச்சம்! தாயகம் திரும்பியபின் அவருடைய பென்குவின் ஆராய்ச்சி 1915இல் அச்சாயிற்று. ஆனால் இந்தப் பகுதி மட்டும் தனியே நான்கு பக்கத் துண்டுப் பிரசுரமாக, 'வெளியீட்டுக்கு அன்று' என்ற குறிப்போடு நூறே படிகள் அச்சிடப்பட்டது. பிறகு அது மறக்கப்பட்டது. இங்கிலாந்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரசல் ஒரு படியைக் கண்டெடுத்து, உடன் ஆய்வாளர்களோடு 2012இல் வெளியிட்டார். கண்ணால் கண்ட ஓர் உண்மை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இருட்டில் கிடந்தது. மறைத்தது பறவையன்று, மனிதரின் வெட்கம்.

கடலோரக் கூடுகள்

பிற்காலத்தில் வெட்கம் குறைந்தது; எண்ணிக்கை வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையை ஒட்டிய சாந்தா பார்பரா தீவில் ஜார்ஜ் ஹன்ட், மாலி ஹன்ட் என்ற தம்பதியர் கடற்காகங்களை ஆராய்ந்தனர். வழக்கமாக மூன்று முட்டை இருக்கவேண்டிய கூடுகள் சிலவற்றில் நான்கு, ஐந்து, ஆறு முட்டைகள் கிடந்தன. ஆராய்ந்தபோது அவை இரண்டு பெட்டைகள் சேர்ந்து கட்டிய கூடுகள் என்று தெரிந்தது. 1977இல் அவர்கள் இதை வெளியிட்டனர். நம் புறா வளர்ப்பவர் முட்டையை எண்ணிச் சொல்லும் அதே கணக்குதான்!

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹூவில், லேசன் ஆல்பட்ரோஸ் என்னும் பெருங்கடற்பறவைகளை லின்ட்சே யங்கும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். இப்பறவைகளிலும் ஆண், பெண் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே மரபணுச் சோதனை செய்தனர். 125 ஜோடிகளில் 39 ஜோடிகள் பெண்ணும் பெண்ணுமாக இருந்தன! அதாவது நூற்றுக்கு 31. இம்முடிவு 2008இல் வெளியாயிற்று. அங்கே பெண் பறவைகள் அதிகம், ஆண் பறவைகள் குறைவு. தனித்திருப்பதைவிட இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குஞ்சு வளர்ப்பது மேல். இப்படிச் சேர்ந்த ஜோடிகள் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் வாழ்வதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆண் துணை கிடைக்காததால் சேர்வது வேறு. துணை இருந்தும் தன் பாலையே நாடுவது வேறு. இரண்டாவதற்கும் விலங்குகளில் சான்று இருக்கிறதா? இருக்கிறது. நமக்கு நன்கு பழக்கமான செம்மறியாடுதான் அது. அமெரிக்காவில் சார்லஸ் ரோசெல்லி முதலானோர் ஆராய்ந்ததில், கிடாக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு, பருவமடைந்த பெட்டையாடுகள் அருகிலேயே இருந்தும், கிடாக்களையே நாடின. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்புத் திரள், பெட்டையை நாடும் கிடாக்களைவிட இவற்றில் சிறியதாக இருந்ததை அவர்கள் 2004இல் தெரிவித்தனர்.

மனிதரில் எப்படி?

ஒருவருக்கு யார்மீது காதலும் உடல் நாட்டமும் எழுகின்றன என்பதைப் 'பாலீர்ப்பு' என்கிறோம். எதிர்ப்பாலார்மீது எழுந்தால் எதிர்ப்பாலீர்ப்பு. தன் பாலார்மீது எழுந்தால் தன்பாலீர்ப்பு. இருபாலார்மீதும் எழுந்தால் இருபாலீர்ப்பு. இது திருநர் என்பதிலிருந்து வேறானது. 'நான் யார்' என்ற கேள்விக்குரியது பாலினம். 'என் மனம் யாரை நாடுகிறது' என்ற கேள்விக்குரியது பாலீர்ப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தன்பாலீர்ப்பு ஏன் தோன்றுகிறது? ஒரே காரணம் இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 4,70,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. இதை முடிவு செய்யும் தனி மரபணு எதுவும் இல்லை என்றும், சிறுசிறு விளைவுடைய பல மரபணுக்கள் சேர்ந்து ஓரளவு பங்கு வகிக்கின்றன என்றும் தெரிந்தது. உடன்பிறந்த அண்ணன்மார் அதிகம் உள்ள ஆண்களிடம் தன்பாலீர்ப்பு சற்று மிகுதியாகக் காணப்படுவதை ரே பிளான்சார்டு, அந்தோணி போகார்ட் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1996இல் காட்டினர். கருப்பைச் சூழலுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

இது நோயா? அல்ல. 1957இல் ஈவ்லின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்பாலீர்ப்பு உடைய 30 ஆண்களுக்கும் மற்ற 30 ஆண்களுக்கும் ஒரே உளச் சோதனைகளைக் கொடுத்தார். பெயர் மறைத்த விடைத்தாள்களைத் தேர்ந்த நிபுணர்களிடம் காட்டினார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்க முடிவு செய்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயன்று என 2018இல் அறிவித்தது.

மாற்ற முடியுமா? வெடி ஊர்க்காரர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். ஸ்ட்ரான்சியம் உப்பைச் சுடரில் இட்டால் சிவப்பு. பேரியம் உப்பை இட்டால் பச்சை. பேரியத்தைத் திட்டினாலும் கெஞ்சினாலும் அது சிவப்பாக எரியப்போவதில்லை. மனித மனம் உப்பைவிட ஆயிரம் மடங்கு சிக்கலானது என்பது உண்மை. ஆனாலும் மின்னதிர்ச்சி, மருந்து, பூசை, அவசரக் கல்யாணம் என்று எத்தனையோ முயன்று பார்த்தும் ஈர்ப்பு மாறவில்லை. அந்த மனிதர்தாம் நொறுங்கிப்போனார்கள். கட்டாயக் கல்யாணத்தில் குற்றமறியாத இன்னொருவர் வாழ்வும் வீணாயிற்று. இத்தகைய 'மாற்று சிகிச்சை' மருத்துவத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவ மன்றங்களுக்குத் தெரிவித்தது.

'இயற்கைக்கு மாறானது' என்ற சொல்

1860இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவைக் குற்றம் என்றது. சட்டம் எழுதியவர்கள் இயற்கையைக் கேட்டு எழுதவில்லை என்பது நான்கு முட்டைகளைக் கண்டவர்களுக்கு விளங்கும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. திருமண உரிமை கேட்ட வழக்கில் மட்டும் 2023இல் உச்ச நீதிமன்றம் அதை வழங்க மறுத்துவிட்டது.

ஆனால் வாசகர்களே, ஒன்றைக் கவனியுங்கள். 'பறவை செய்கிறது, ஆகவே மனிதனுக்கும் சரி' என்று நாம் வாதிடவில்லை. கொக்கின் கூட்டில் பெரிய குஞ்சு சிறிய குஞ்சைக் கொத்திக் கொல்வதும் இயற்கைதான். அதை நாம் பின்பற்றுவோமா? நல்லது கெட்டதைப் பறவையிடம் கற்க வேண்டியதில்லை. பறவைகள் சொல்வது ஒன்றே: 'இது இயற்கையில் இல்லாதது' என்ற வாதம் பொய். அது விழுந்தபின், ஒரு மனிதர் யாருக்கும் தீங்கின்றி வாழும்போது அவரை அவமதிக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது.

ஒரு நீதிபதி கற்ற பாடம்

பக்கத்து மாவட்டமான மதுரையில் இரு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்தனர். வீட்டார் எதிர்த்ததால் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் போலீசில் புகார் கொடுக்க, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கே முழுத் தெளிவு இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று, இத்தகையோரைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது, ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டார். இவர்களை இழிவின்றிக் குறிக்கத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றும் அவ்வழக்கின் பயனாக 2022இல் தமிழக அரசிதழில் வெளியாயிற்று. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்பதே அறிவியல் மனப்பான்மை. அது நீதிமன்றத்தில் இயலுமானால் மொட்டைமாடியில் இயலாதா?

பொழுதுபோக்குக் கூட்டம் என்பது சிறிய பொருளன்று. வீட்டில் சொல்ல முடியாததைத் தாங்கி நிற்கும் இளைஞனுக்கு, புறாக்கூண்டும், குல்லூர்ச்சந்தை நீர்த்தேக்கத்தின் கரையில் பறவை பார்க்கும் விடியற்காலையுமே மூச்சு விடும் இடங்களாக இருக்கலாம். அங்கேயும் கேலி காத்திருந்தால் அவன் எங்கே போவான்? இத்தகைய தனிமை எத்தனையோ இளைஞர்களைத் தற்கொலை வரை தள்ளியிருக்கிறது.

பறவை பார்ப்பவரின் முதல் விதி என்ன? கண்டதைக் கண்டபடி எழுது. பிடிக்கவில்லை என்பதற்காக அடிக்காதே. லெவிக்கின் காலத்தில் அந்த விதி மீறப்பட்டதால் அவர் கண்ட உண்மை ஏறத்தாழ நூறாண்டு மறைந்து கிடந்தது. நாம் தவறினால் பின்தங்குவது அறிவியல் மட்டுமன்று. நம்மோடு நின்று வானத்தைப் பார்த்த ஒரு தோழனையும் இழக்கிறோம்.

அடுத்த முறை கூட்டில் நான்கு முட்டைகளைக் கண்டால் எண்ணிப் பாருங்கள். பிறகு பக்கத்தில் நிற்பவரையும் அதே நிதானத்தோடு பாருங்கள்.