மழையே இல்லாமல் துருப்பிடிப்பது ஏன்?

பெரியபாளையத்திலிருந்து வடகிழக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? அங்குள்ள கேட்டுகளையும் ஜன்னல் கம்பிகளையும் உற்றுப் பாருங்கள். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தாலும், பெயிண்டுக்கு அடியில் செந்நிறம் கசிந்துகொண்டே இருக்கும். நனையாத இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது?

உண்மையில் அது நனைந்துதான் இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்ஸைடு. அதன் மேற்பரப்பிலுள்ள அணுக்களுக்கு ஒரு பக்கம் அண்டை அணுக்கள் கிடையாது. எனவே காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பஞ்சு நீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். உள்ளங்கையில் மாவு ஒட்டுவதுபோல மேற்பரப்பில் மட்டும் தங்குவது பரப்புக் கவர்ச்சி. இரண்டும் ஒன்றல்ல, தேர்வுத்தாளில் குழப்பிவிடாதீர்கள்! துருவில் நுண்துளைகள் ஏராளம். ஒரு கிராம் துருவின் பரப்பை விரித்தால் பல சதுர மீட்டர் வரும்.

இந்த மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. இங்கிலாந்தில் வெர்னான் என்ற அறிஞர் 1930-களில் இதை ஆராய்ந்தார். சுத்தமான காற்றில் ஈரப்பதம் 99 சதவீதம் வரை உயர்ந்தும் இரும்பு அதிகம் கெடவில்லை. காற்றில் வெறும் 0.01 சதவீதம் கந்தக டை ஆக்ஸைடு கலந்ததும் கதையே மாறிற்று. ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டியவுடன் துரு மளமளவென ஏறியது. நம் கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. நிலக்கரியும் உலை எண்ணெயும் எரியும் இடங்களில் அந்த வாயுவும் உண்டு. தொழிற்பேட்டையின் உலைகளும் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் நமக்குத் தூரமில்லை.

அந்த வாயு என்ன செய்கிறது? ஈரத் துருவில் ஒட்டி, நீரில் கரைந்து, ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அமிலம் இரும்பைத் தின்று இரும்பு சல்பேட் ஆகிறது. ஆக்ஸிஜனும் நீரும் சல்பேட்டைத் தாக்கும்போது புதிய துரு உண்டாகிறது. கூடவே அமிலம் மீண்டும் விடுபடுகிறது! அந்த அமிலம் அடுத்த இரும்பணுவைத் தேடிப் போகும். இப்படி ஒரே ஒரு கந்தக டை ஆக்ஸைடு மூலக்கூறு பல பத்து இரும்பணுக்களைத் துருவாக்கிவிடும். வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு கறக்கமாட்டார். கடற்காற்று கொண்டுவரும் உப்பு இந்த வேலையை இன்னும் துரிதப்படுத்துகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து, அரிமானத்தை அளந்து வந்திருக்கிறார்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தும் பயனில்லை என்று உங்கள் அப்பா அலுத்துக்கொள்கிறாரா? துருவின் மேலேயே பெயிண்ட் பூசினால், உள்ளே சிக்கிய சல்பேட்டும் உப்பும் அங்கேயே இருக்கும். பெயிண்ட் வழியே கசியும் ஈரத்தை வாங்கி வேலையைத் தொடரும். (பெயிண்டர் முதலில் பூசும் ரெட் ஆக்ஸைடும் இரும்பு ஆக்ஸைடுதான்! ஆனால் அதில் சல்பேட் சிக்கியிருப்பதில்லை.)

நீங்களே சோதித்துப் பாருங்கள். துருப்பிடித்த இரண்டு தகடுகளை எடுங்கள். ஒன்றை அப்படியே பெயிண்ட் அடியுங்கள். மற்றதை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்துப் பெயிண்ட் அடியுங்கள். இரண்டையும் மொட்டைமாடியில் தொங்கவிட்டு, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு எதில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது என்று பாருங்கள்.