பழைய வண்டியும் புதிய ஒளியும்

பழம்பொருளைப் பேணுவோர் அனைவரையும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு: எதுவரை மாற்றலாம்? ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போரும் கோயிற் தேரைப் புதுக்குவோரும் நன்கறிந்த அவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு மோட்டார் வண்டியின் முன்விளக்கு.

எந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைக்க, 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்ட இனம். யாழ்ப்பாணத்தார்க்கு அதனை அறிமுகஞ் செய்தல் வேண்டா. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், பெற்றோல் கிடையாதபோது, மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டிகளுள் அதுவும் ஒன்றன்றோ?

ஓரிரவு வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். இருபுறமும் கடல், நிலவில்லை. விளக்குகள் எரிந்தன, ஆயினும் அவை தந்தது செம்மஞ்சளான ஒரு மங்கலையே. விளக்கில்லா மிதிவண்டியிற் சென்ற முதியவர் ஒருவர் மிக அண்மையிலேதான் கண்ணிற்பட்டார். வண்டியை வெட்டித் திருப்பினேன். அவர் திரும்பியும் பாராது சென்றார்; எனக்கோ வீடு சேரும்வரை கை நடுங்கியது.

மறுநாளே கடையொன்றில் எல்.ஈ.டி. குமிழ்கள் இரண்டு வாங்கி மாட்டினேன். எதிர்முனைப் புவித்தொடுப்புக்கு முன்னரே மாற்றப்பட்ட வண்டியாதலின் அவை உடனே எரிந்தன. வீதி வெண்மையிற் குளித்தது. என் மகிழ்ச்சி முதலாவது சந்திவரையே நீடித்தது. எதிரே மிதிவண்டியில் வந்த பெண்ணொருத்தி கண்ணைக் கையால் மறைத்தபடி ஓரத்து வாய்க்காலில் விழுந்தாள். நல்லகாலம், காயமில்லை. "ஒண்டும் தெரியேல்லை ஐயா" என்று மட்டும் சொன்னாள். முதலிரவு நான் குருடன். மறுநாளிரவு பிறரைக் குருடாக்கினேன்.

காரணத்தைப் பின்னர் அறிந்தேன். விளக்கினுள் இருக்கும் வளைந்த ஆடி, குமிழின் மெல்லிய இழை நிற்கும் இடத்தைக் கணித்து அமைக்கப்பட்டது. ஒளியின் தோற்றிடம் சிறிது பெயர்ந்தாலும், வடிவம் வேறுபட்டாலும், கதிர்கள் வீதியை விட்டு எதிரே வருவோர் கண்ணிற் பாயும்.

கராச்சிற் பணிபுரியும் முதியவர் பழைய குமிழ்களை மீண்டும் மாட்டச் செய்து, மின்னளவு கருவியைத் தொட்டுப் பார்த்தார். "குமிழிலை பிழையில்லை மாஸ்ரர், வயரிலைதான் பிழை" என்றார். பற்றரியில் 12 உவோற்று. விளக்கின் முனையிலோ 10.8. குறைந்தது பத்திலொரு பங்குதானே என எண்ணலாகாது. இழைக்குமிழில் உவோற்று பத்துவீதம் குறையின், ஒளி ஏறக்குறைய முப்பது வீதம் குறையும். அறுபது ஆண்டுப் பழமையான கம்பியும், துருவேறிய புவித்தொடுப்பும், தேய்ந்த ஆளியுமே அவ்வொளியைத் தின்றன.

அவர் செய்தது எளிய வேலை. பற்றரியிலிருந்து தடித்த கம்பியொன்றை உருகியூடாக விளக்குகளுக்கு நேரே இழுத்து, இடையிலே ரிலே என்னும் சிறு ஆளியை அமைத்தார். பழைய ஆளி இப்போது ரிலேயை இயக்குவதற்கான சிறு மின்னோட்டத்தையே தாங்குகிறது. பின்னர், அதே ஏழங்குல வட்டத்துள், 60/55 உவாற்று ஹலோஜன் குமிழ் கொள்ளும் கண்ணாடி விளக்கைப் பொருத்தினார். இரண்டும் முழுதாய் எரியின் பத்து அம்பியர் வேண்டும். இருபது அம்பியர் அளவே தரவல்ல பழைய டைனமோவுக்கு அது தாங்கக்கூடிய சுமையே. இடப்புறம் செல்லும் நம் வீதிக்குரிய விளக்கா என்பதையும் அவர் பார்த்தே வாங்கினார். வலப்புற நாடுகளுக்கானது தாழ்த்தியபோதும் எதிரே வருவோரையே சுடும். இறுதியிற் சுவரொன்றின் முன் வண்டியை நிறுத்தி ஒளியின் உயரத்தைச் சரிசெய்தார்.

பழைமை கெட்டதா? 1948 இல் அவ்வண்டியின் விளக்குகள் முகப்பின் கீழே, தாழவே இருந்தன. அமெரிக்க விதி உயரம் வேண்டியமையால், அங்கு அனுப்புதற்கென அவை மட்காட்டின் மேல் உயர்த்தப்பட்டன. சில ஆண்டுகளுள் எல்லா வண்டிகளும் அக்கோலமே பூண்டன. ஆக்கியோரே மாற்றிய ஒன்றை நாம் மாற்றுதல் துரோகமாகாது. வேண்டுமாயின் ஒரு மாலைப்பொழுதிற் பழைய நிலைக்கு மீட்கத்தக்க மாற்றம் இது. எந்தையார் கைபட்ட பழைய ஆளியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்த முறை பண்ணைப் பாலத்திற் சென்றபோது மிதிவண்டிக்காரர் ஒருவரை நெடுந்தொலைவிலேயே கண்டு வேகம் தணித்தேன். எதிரே வந்த மற்றொருவர் கண்ணை மறைக்காமலே கடந்து சென்றார். நல்ல விளக்கு எதுவென்பதற்கு அவ்விருவருமே எனக்குச் சான்று.