கழிவுநீர்த் தடாகத்துப் பாசியும் மிதக்குஞ் செடியும்

சுத்திகரித்த கழிவுநீரைத் தடாகத்தில் தேக்கிப் பயிருக்குப் பாய்ச்ச எண்ணும் கமக்காரர், அந்நீர் சில நாளிற் பச்சைநிறமடைவதைக் காண்பர். நீரிற் பெருகும் நுண்பாசியே இதற்குக் காரணம். சுத்திகரித்த பின்னரும் கரைந்து நிற்கும் நைதரசனும் பொசுபரசும் அதற்கு உணவாகின்றன. வளர்ந்த நெல்லுக்கு இதனால் தொல்லை குறைவு. சொட்டுநீர்க் குழாய் பூட்டிய மரக்கறித் தோட்டத்திலோ, பாசி குழாய்த் துளைகளை அடைத்துப் பயிரை வாடச் செய்யும்.

இத்துணை நுண்ணிய பாசியை வடித்தெடுத்தல் எளிதன்று. வெயிலை மறைத்தலே இலகுவான வழி. லெம்னா எனுஞ் சிறுசெடி இதற்கு உகந்தது. பயற்றம்பருப்பளவான அதன் இலைகள் நீரின்மேற் பாய் விரித்தாற்போற் படர்வன. கீழே வெளிச்சம் எட்டாமையாற் பாசி நலிந்து அடியிற் படியும். கரைந்த உணவையும் லெம்னாவே உறிஞ்சிக்கொள்ளும். காற்று செடியை ஒரு கரைக்கு ஒதுக்குமாயின், திறந்த இடத்திற் பாசி மீண்டுந் தோன்றும். ஆதலால் மூங்கில்களைச் சதுரங்களாகக் கட்டி மிதக்கவிட்டு, அவற்றினுள்ளே செடியை வளர்க்க.

தக்க சூழலில் லெம்னா இரண்டு மூன்று நாளில் இருமடங்காகும். எனவே ஒரு பகுதியை அடிக்கடி வாரியெடுத்தல் வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்தேதான். வாராது விட்ட செடி அழுகி, உறிஞ்சிய உணவை நீருக்கே திருப்பிக் கொடுக்கும், நீரும் நாறும். வாரியதைக் கூட்டெருவாக்கலாம். தொழிற்சாலைக் கழிவுநீரில் வளர்ந்ததாயின் பார உலோகங்கள் சேர்ந்திருக்கக்கூடும். அதனை எருக்குழியிலிடவோ கோழிக்கும் வாத்துக்கும் கொடுக்கவோ கூடாது.

தடாகங்கள் பலவிருப்பின், லெம்னாவை இறுதித் தடாகத்தில் மட்டும் இடுக. வெயில் நோய்க்கிருமிகளைக் கொல்வது. முன்னுள்ள தடாகங்களையும் மூடினால் அந்நன்மை கெடும். நீர் தெளிந்தமையாற் கிருமியற்றதெனக் கொள்ளலாகாது. பச்சையாக உண்ணும் சலாது, வல்லாரை முதலியவற்றுக்கு இந்நீரைப் பாய்ச்சற்க.

விரைவிற் படர்வதென எண்ணி ஆற்றுவாழையையோ சல்வீனியாவையோ ஒருபோதும் இடற்க. ஆற்றுவாழையை ஒழிக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டமியற்ற வேண்டியதாயிற்று. 1939இற் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியாவோ, பின்னர் வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிக்கொண்டது. யானைக்கால் நோயைப் பரப்பும் ஒருவகை நுளம்பின் புழுக்களும் இத்தகைய செடிகளின் வேரைப் பற்றியே வாழ்வன.

லெம்னாவும் வாய்க்காலுக்குத் தப்பிச் செல்லக்கூடியதே. ஆகையால் நீரை மேற்பரப்பிலிருந்து எடாது, ஏறக்குறைய அரை மீற்றர் ஆழத்திலிருந்து எடுத்து, குழாய்வாயில் நுண்வலை கட்டுக.