மீன் குஞ்சுக்கும் மோர்ப் பத்தியம்!

குழந்தைக்கு வயிறு கெட்டால் மோர்சாதம் பிசைந்து ஊட்டுகிறீர்கள், அல்லவா? மீன் குஞ்சுக்கும் அதே வைத்தியந்தான்!

பண்ணையில் பொரிக்கும் 'டர்பட்' என்ற கடல்மீன் குஞ்சு, உயிரோடு நீந்தும் இரையைத்தான் தொடும். அதற்கென்றே 'ரோட்டிஃபர்' என்ற ஊசிமுனைப் பிராணியை வளர்க்கிறார்கள். அதுவோ பெருந்தீனிக்காரி! அகப்பட்டதையெல்லாம் விழுங்கும், 'விப்ரியோ' என்ற நோய்க் கிருமியையும் சேர்த்துத்தான். அதைத் தின்ற குஞ்சுகள் கூட்டங்கூட்டமாய் மடியும். மருந்து போட்டுக் கொல்லலாமே என்பீர்கள். நாளடைவில் மருந்துக்கும் அஞ்சாத கிருமி முளைத்துவிடுமே!

பிரான்ஸில் கத்ஸூப் என்ற விஞ்ஞானி, அந்தப் பெருந்தீனியையே துணைக்கு அழைத்தார். தயிர்க் கிருமிக்கு உறவான நல்ல பாக்டீரியாக்களைத் தினமும் ரோட்டிஃபருக்கு ஊட்டி, அதைக் குஞ்சுகளுக்கு இரையாக்கினார். விப்ரியோ தாக்கியபோதும் முன்னைவிட அதிகக் குஞ்சுகள் பிழைத்ததை 1994-ல் வெளியிட்டார்.

இனி உறை குத்தும்போது அந்தக் குஞ்சுகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்களேன்!