சித்திரை முதல் நாளில் ஒரு தண்ணீர்ப் பானை

வருஷப் பிறப்பன்று புதிய சங்கற்பங்களைச் செய்துகொள்வது உலகத்தார் பலருக்கும் பொதுவான வழக்கமேயாயினும், நம்முடைய வருஷப் பிறப்பு வந்து அமைந்திருக்கும் பருவத்தைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, நாம் எந்தச் சங்கற்பத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை அந்தப் பருவமே எடுத்துச் சொல்வது விளங்கும். ஏப்ரல் 14-ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் மேஷ ராசியில் பிரவேசிக்கிறான். அப்போது கண்மாய்கள் வற்றிக் களிமண் வெடித்துக் கிடக்கும். கிணற்றில் கயிறு நீண்டுகொண்டே போகும். காலை ஒன்பது மணிக்குள் வெயில் முகத்தில் அறையத் தொடங்கிவிடும். இன்னும் மூன்று வாரம் சென்றால் கத்திரி வெயில் வேறு காத்திருக்கும். இப்படிப்பட்ட ஒரு காலத்தில் ஆண்டைத் தொடங்கும் ஜனங்கள், பிறருடைய தாகத்தை முதலில் நினைத்தது ஆச்சரியமன்று.

அன்றைய தினம் வீடுகளில் கனி காண்பதும், வேப்பம்பூப் பச்சடி செய்வதும், பஞ்சாங்கம் படிக்கக் கேட்பதும் எல்லோரும் அறிந்தவை. யாழ்ப்பாணத்தில் மருத்துநீர் வைத்துக் குளித்த பிறகு, பெரியவர்கள் கையிலிருந்து சிறியவர்கள் கைவிசேடம் பெறுவார்கள். இவற்றோடு சேர்ந்து, நீர்மோரும் பானகமும் பனையோலை விசிறியும் தானம் செய்யும் வழக்கமும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மதுரையில் சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகைக்கு இறங்கி வரும் வழி நெடுகிலும், மண்டகப்படிகளைச் சுற்றி, முன்பின் அறியாதவர்களை வலிய அழைத்து மோர் வார்ப்பவர்களையும், வியர்த்து நிற்பவர்களுக்கு விசிறுபவர்களையும் இன்றைக்கும் பார்க்கலாம். மோரும் விசிறியும் விலை குறைந்த பொருள்கள். ஆனால் அந்தப் பருவத்துக்கு அவற்றைவிடப் பிரயோஜனமான பொருள் வேறில்லை. தன்னிடம் மிச்சமிருப்பதைக் கொடுப்பது ஒரு விதம். எதிரில் இருப்பவனுக்கு இந்த வேளையில் எது வேண்டும் என்று பார்த்துக் கொடுப்பது வேறு விதம். சித்திரை மாதத்துக் கொடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

காஞ்சியில் காமாட்சி இரு நாழி நெல்லைக் கொண்டு 32 அறங்களை வளர்த்தாள் என்பது நம் முன்னோர் சொல்லி வந்த கதை. அந்த 32 அறங்களின் பட்டியலைப் படித்தால், மடமும் சோலையும் குளமும் போன்ற பெரிய காரியங்களுக்கு நடுவே, தலைக்கு எண்ணெய் கொடுத்தல், கண் மருந்து கொடுத்தல், முகம் பார்க்கக் கண்ணாடி கொடுத்தல், பசுவுக்கு ஒரு வாய் புல் கொடுத்தல் என்று மிகச் சிறிய உபகாரங்களும் அதே வரிசையில், அதே மதிப்போடு வைக்கப்பட்டிருப்பதைக் காண்போம். தண்ணீர்ப் பந்தலும் அவற்றில் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில், தண்ணீர்ப் பந்தல் நடத்துவதற்கென்றே நிலம் விடப்பட்ட செய்தி காணப்படுகிறது. பந்தல் போடுவது ஒரு நாள் வேலை, அதில் நீர் வார்ப்பது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை என்பதை அந்த நிலம் விட்டவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் அப்பூதி அடிகளின் சரித்திரம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியார், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரிடத்துக் கொண்ட பக்தியினால், தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் பெயரையே இட்டிருந்தார். வழியே வந்த நாவுக்கரசர், இளைப்பாற ஒதுங்கிய பந்தலில் தம் பெயரையே எழுதியிருக்கக் கண்டு, இதை வைத்தவர் யார் என்று விசாரிக்கிறார். அக்கதையின் பின்பகுதியில் அற்புதங்கள் நிகழ்கின்றன. எனக்கோ இந்த முன்பகுதியே போதுமானதாகத் தோன்றுகிறது. தம் செலவில், தம் உழைப்பில் நடத்திய பந்தலுக்குத் தம் பெயரை வைக்காத ஒருவர் இருந்தார் என்பதும், அவரை நாயன்மார் அறுபத்து மூவரில் ஒருவராக நம் நாடு வைத்துக் கும்பிடுகிறது என்பதும் சாமானிய விஷயங்களா?

பழைய பெருவழிகளின் ஓரத்தில் இன்னும் அங்கங்கே நிற்கும் சுமைதாங்கிக் கற்களையும் வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். நட்டு வைத்த இரண்டு கற்களின்மேல் குறுக்கே ஒரு கல். அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆனால் அதன் உயரத்தில் இருக்கிறது சூட்சுமம். தலையில் பாரத்தைச் சுமந்து தனியே நடப்பவர், அதைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தலைக்கு ஏற்றுவதற்கு இன்னொருவர் கை வேண்டும்; யாரும் வராத வழியாக இருந்தால் என்ன செய்வது? ஆகவே ஆள் உயரத்துக்கு ஒட்டியே அந்தக் குறுக்குக் கல்லை அமைத்தார்கள். சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்து மர நிழலில் இளைப்பாறி, பிறகு யாருடைய தயவும் இல்லாமல் மீண்டும் தலையை அணைத்துச் சுமையை வாங்கிக்கொண்டு போகலாம். வயிற்றில் சிசுவோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இந்தக் கற்களை நடுவது அந்நாளைய வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்ட மகளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையையாவது இறக்கி வைக்க நினைத்த அந்தக் குடும்பங்களின் துக்கத்தை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக மேய்ச்சல் நிலத்தில் நட்ட ஆவுரிஞ்சு கல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இவற்றில் எதுவும் பெறுகிறவரைக் கேட்க வைப்பதில்லை. நன்றி சொல்லவும் வைப்பதில்லை. மனிதனோ மாடோ, தேவைப்பட்ட வேளையில் உபகாரம் அங்கே இருந்தது.

தண்ணீர்ப் பந்தலில் வைக்கும் மண் பானையின் குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பானையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தில் ஒரு பகுதியை உள்ளிருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சாதாரண வெயில் காலத்தில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி உஷ்ணம் வேண்டும். பத்து லிட்டர் பிடிக்கும் பானையில் நூறு கிராம் நீர் ஆவியாகி, அதற்குரிய உஷ்ணம் முழுவதும் உள்ளிருந்தே எடுக்கப்பட்டால், மிஞ்சிய நீரின் சூடு ஐந்து டிகிரிக்கு மேல் குறையும் என்பது கணக்கு. வறண்ட காற்று வீசும் மதுரையிலும் திருச்சியிலும் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்வதும், காற்றில் ஈரம் மிகுந்த சென்னைக் கடற்கரைப் பகுதியில் அவ்வளவு குளிராததும், வறண்ட காற்றில் நீர் விரைவாகவும் ஈரக் காற்றில் மெதுவாகவும் ஆவியாவதனால்தான். பானையை ஈர மணலின்மேல் வைப்பதும், ஈரத் துணி சுற்றுவதும், உள்ளே வெட்டிவேர் போடுவதும், கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்ப்பதும் அனுபவத்தால் கண்ட உபாயங்கள். சுட்ட களிமண்ணும் காற்றும் சேர்ந்து செய்யும் இந்த வேலைக்கு மின்சாரம் வேண்டியதில்லை. தினமும் பானையை நிரப்புகிற ஒரு கை மட்டும் வேண்டும்.

இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது, சொல்லாமல் விடக்கூடாத ஒரு களங்கமும் உண்டு. தாகத்தில் ஜாதி பார்த்த தேசம் இது. பாத்திரத்தைத் தொடவிடாமல், குனிந்து ஏந்திய கைகளில் உயரத்திலிருந்து நீரை ஊற்றிய பந்தல்கள் இருந்தன. பொதுக் கிணற்றின் அருகேயும் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் ரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று பிரித்தே வழங்கினார்கள். அவையெல்லாம் ஒழிந்துபோன சங்கதிகள் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வீட்டு வேலை செய்ய வரும் அம்மாளுக்கென்று தனித் தம்ளரை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் நூறு குடம் மோர் வார்த்தாலும் அதை அறம் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் கொடாது. புத்தாண்டில் முதலில் செய்யத்தக்கது அந்தத் தனித் தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு சேர்த்து வைப்பதுதான்.

இக்காலத்தில் தண்ணீர்ப் பந்தல்களுக்குக் குறைவில்லை. ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் முச்சந்திதோறும் தோரணமும் படங்களும் தட்டிகளுமாகப் பந்தல்கள் எழும்புகின்றன. திறப்பு விழாவன்று தர்ப்பூசணியும் வெள்ளரிப் பிஞ்சும் இளநீரும் வாரி வழங்கப்படுகின்றன. பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனால், படம் இருக்கிறது, பானையும் இருக்கிறது, பானைக்குள் தண்ணீர் இல்லை. எல்லாப் பந்தல்களும் இப்படி என்று சொல்லுவது அநியாயமாகும். கோடை முடியும்வரை விடியற்காலையில் எழுந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றும் கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். எனினும் உபகாரத்தின் சோதனை முதல் நாளில் இல்லை, நாற்பதாவது நாளில் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். உற்சாகம் முதல் நாளுக்குப் போதும். பிறகு வரும் நாள்களுக்குப் பழக்கம் வேண்டும்.

பழக்கமாகிவிட்ட சிறு கொடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம்மிடையே சான்றுகள் உண்டு. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி வடலூரில் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச் சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு, பசித்து வருவோருக்கு அன்னம் வழங்கப்பட்டு வருகிறது. அந்தச் சாலை ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கும் அரிசியினாலும் காய்கறியினாலும் நடப்பது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும்படி காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இல்லத்தரசிகளைக் கேட்டுக்கொண்டார். வினோபா பாவே, வீட்டுக் குழந்தையின் கையாலேயே தினமும் ஒரு பிடி தானியத்தைச் சர்வோதய பாத்திரத்தில் போடச் சொன்னார். குழந்தையின் பிடியில் தானியம் கொஞ்சந்தான் அடங்கும். ஆனால் பிறருக்கு எடுத்து வைத்துவிட்டு உண்பதே முறை என்று அந்தக் கை சிறு வயதிலேயே பழகிவிடும்.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற சித்திரை முதல் தேதியன்று வீட்டு வாசலிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் கீழ்த்தளக் கதவருகிலோ, நிழலாகப் பார்த்து ஒரு மண் பானையை வையுங்கள். தெருப் பெருக்குகிற பெண்மணியும், தபால்காரரும், கொதிக்கும் தாரின்மேல் இரு சக்கர வண்டியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞரும், காவலாளியும் கேட்காமலே குடிக்கும்படி அது இருக்கட்டும். குடிக்கத் தகுந்த நீரையே ஊற்றுங்கள். பானைக்கு மூடியும், கை நீரில் படாமல் மொள்ளுவதற்கு நீண்ட பிடியுள்ள அகப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை பானையைக் கழுவுங்கள். மதில்மேல் காக்கைக்கும் குருவிக்கும் அகன்ற மண் தட்டில் நீர் வைப்பவர்கள், கொசு முட்டையிட்டுப் பெருகாதபடி அதைத் தினமும் மாற்றி ஊற்ற வேண்டும். வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியர் பொறுப்பில் இந்த வேலையை விடலாம்; பள்ளி விடுமுறைக் காலமாகையால் அவர்களுக்கு நேரமும் இருக்கும். முதல் மழை விழுந்து பூமி குளிரும்வரை, ஒரு நாளும் பானை காலியாக இருக்க விடாதீர்கள்.